நூலகத்தில் இரண்டு மேசைகள்

இந்தியப் பல்கலைக்கழக நூலகங்களைப் பற்றிய பயணம் எதுவானாலும் சென்னைச் சேப்பாக்கத்தில் தொடங்குவதுதான் முறை. மெரினாவைப் பார்த்தபடி நிற்கும் பல்கலைக்கழக வளாகத்தில், வண்டிகளின் இரைச்சல் அடங்காத சாலையை ஒட்டி நூலகம் இருக்கிறது. கணிதம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த சீர்காழிக்காரர் எஸ்.ஆர். ரங்கநாதன் 1924-இல் இந்தப் பல்கலைக்கழகத்தின் நூலகராகப் பொறுப்பேற்றார். லண்டன் போய் நூலகவியல் படித்தார், அங்குள்ள நூலகங்களைச் சுற்றிப் பார்த்தார், 1925-இல் ஊர் திரும்பினார். வாசகர் தாமே அலமாரிக்குப் போய் நூலை எடுக்கலாம் என்ற வழக்கத்தை இங்கே கொண்டுவந்தவர் அவர். அலமாரியைத் திறந்துவிட்டால் மட்டும் போதாது, கேட்பவருக்கு வழிகாட்டப் பக்கத்தில் ஆள் வேண்டும் என்பதிலும் பிடிவாதமாக இருந்தார். 1928-இல் அவர் முன்நின்று தொடங்கிய சென்னை நூலகச் சங்கம் 1931-இல் அவருடைய ‘நூலக அறிவியலின் ஐந்து விதிகள்’ நூலையும், 1933-இல் ‘கோலன் பகுப்பு முறை’யையும் வெளியிட்டது. இந்தச் செய்திகளைத் தனித்தனியாக எல்லாரும் சொல்கிறார்கள். சேர்த்துப் பார்த்தால் இன்னொன்று புலப்படும். வாசகருக்குத் தேடச் சொல்லிக்கொடுத்தவரும், அறிவை எழுதி அச்சிட்டு ஊருக்கு அனுப்பியவரும் ஒரே ஆள். இரண்டும் நூலகத்தின் வேலைதான் என்பதில் அவருக்கு ஐயமே இருக்கவில்லை.

இன்றைக்கு நாட்டின் பெரும்பாலான கல்லூரி, பல்கலைக்கழக நூலகங்களில் அந்த வேலை இரண்டு மேசைகளாகப் பிரிந்துவிட்டது. ஒரு மேசை மாணவருக்கானது. ஜூலை, ஆகஸ்டில் புது மாணவர்களை வரிசையாக உட்காரவைத்து ‘ஓரியன்டேஷன்’ நடத்துவார்கள். அட்டவணையில் நூலை எப்படித் தேடுவது, மின்னிதழ்களுக்குள் எப்படி நுழைவது, எத்தனை நாளில் திருப்பித்தர வேண்டும், தாமதமானால் எவ்வளவு அபராதம் என்று சொல்லி ஒரு மணி நேரத்தில் முடித்துவிடுவார்கள். நூலகவியலில் தகவல் எழுத்தறிவு என்று பேர்பெற்ற பாடம் நடைமுறையில் இவ்வளவுக்குச் சுருங்கிவிட்டது. இன்னொரு மேசை ஆய்வாளருக்கானது. ஆய்வேட்டைக் கருத்துத் திருட்டு மென்பொருளில் ஓட்டிச் சான்று தருவது, அதைக் களஞ்சியத்தில் ஏற்றுவது, எந்த ஆய்விதழ் எந்தப் பட்டியலில் இருக்கிறது என்று பார்த்துச் சொல்வது எல்லாம் அங்கே நடக்கும். முதல் மேசைக்கு வருபவர் நான்கைந்து ஆண்டுகள் கழித்து இரண்டாவது மேசைக்கு வருவார். நடுவில் அவருக்கு யாரும் எதுவும் சொல்வதில்லை. இந்த இரண்டு மேசைகளையும் ஒன்றாக்க வேண்டும், அதுவும் ஆய்வாளரின் காலத்தில் அல்ல, மாணவர் வந்து உட்காரும் அந்த முதல் ஒரு மணி நேரத்திலேயே தொடங்க வேண்டும் என்பதுதான் இந்தப் பயணம் முழுவதும் நான் முன்வைக்கும் வாதம்.

காரணம் எளிது. ஒரு கட்டுரையை நம்பலாமா என்று கேட்பதும், அந்தக் கட்டுரை எப்படி வெளியானது என்று கேட்பதும் ஒரே கேள்வி. இரண்டு பிடிஎஃப் கோப்புகளைத் திரையில் பக்கத்தில் பக்கத்தில் திறந்து வைத்தால் போதும். இரண்டிலும் இரண்டு பத்திகளாக எழுத்து, மேலே இதழின் பெயர், தொகுதி எண், ஐஎஸ்எஸ்என் எண், சுருக்கம், திறவுச்சொற்கள் இருக்கின்றன. பார்வைக்கு வேறுபாடே இல்லை. ஒன்று, துறை அறிந்த இருவர் வாசித்துக் கேள்வி கேட்டுத் திருத்தச் சொல்லி, மாதக்கணக்கில் காத்திருந்து வெளிவந்தது. மற்றது, பணம் கட்டிய மூன்றாம் நாள் வெளிவந்தது. வேறுபாட்டைக் கண்டுபிடிக்க வேண்டுமானால் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் இருப்பதைப் படிக்கத் தெரிய வேண்டும். கட்டுரை வந்துசேர்ந்த நாள், திருத்தி அனுப்பிய நாள், ஏற்றுக்கொண்ட நாள், நிதி கொடுத்தவர் யார், பதிப்புரிமை யாரிடம், எந்த உரிமத்தில் வெளியானது, கட்டுரையின் அடையாள எண்ணான டிஓஐ என்ன என்பவை அங்கே இருக்கும். ஐஎஸ்எஸ்என் என்பது இதழை அடையாளம் காட்டும் எண் மட்டுமே, தரச்சான்று அல்ல என்பது தெரிய வேண்டும். ஆசிரியர் குழுவில் பெயர் இருப்பவர் தம் பல்கலைக்கழகப் பக்கத்தில் அந்த இதழைக் குறிப்பிட்டிருக்கிறாரா என்று போய்ப் பார்க்கத் தெரிய வேண்டும். இவை தேடலுக்கு வேண்டிய திறன்களா, வெளியீட்டைப் பற்றிய அறிவா? பிரிக்கவே முடியாது. அமெரிக்கக் கல்லூரி நூலகர்களின் சங்கம் 2013-இல் வெளியிட்ட அறிக்கை ஒன்று இந்தச் சந்திப்பைத்தான் பேசியது. 2016-இல் அது ஏற்றுக்கொண்ட தகவல் எழுத்தறிவுச் சட்டகத்திலும், தகவலுக்கு விலையும் உரிமையும் உண்டு என்பதும், ஆய்வு என்பது தொடர்ந்து நடக்கும் உரையாடல் என்பதும் மாணவர் கற்க வேண்டிய அடிப்படைகளாகச் சேர்ந்தன. அமெரிக்காவில் சொன்னார்கள் என்பதற்காக நாம் ஏற்க வேண்டியதில்லை. நம் நாட்டிலேயே இதற்குச் சான்றுகள் கிடக்கின்றன. அவற்றைப் பார்க்கத்தான் சென்னை சென்ட்ரலில் ரயில் ஏற வேண்டியிருக்கிறது.

ஆம்பூர், வாணியம்பாடி, ஜோலார்பேட்டை தாண்டிப் பெங்களூரு வந்தால், பழைய ஊர்க்காரர்கள் இன்றும் ‘டாடா இன்ஸ்டிடியூட்’ என்று சொல்லும் இந்திய அறிவியல் கழகம் இருக்கிறது. 1909-இல் பிறந்த கழகம் அது. 2002-இல் தன் ஆய்வாளர்களின் கட்டுரைகளை யாரும் இலவசமாகப் படிக்கும்படி இணையத்தில் சேர்த்துவைக்கும் களஞ்சியம் ஒன்றை இந்தக் கழகம் தொடங்கியது. இந்தியாவின் முதல் நிறுவனக் களஞ்சியம் அதுதான். இங்கிலாந்தின் சவுத்தாம்டன் பல்கலைக்கழகம் இலவசமாகக் கொடுத்த இ-பிரிண்ட்ஸ் மென்பொருளில் அது ஓடியது. இதைத் தொடங்கியது யார் என்பதில்தான் என் வாதத்துக்கு வேண்டிய செய்தி இருக்கிறது. கழகத்துக்குள் இயங்கிய தேசிய அறிவியல் தகவல் மையம், டி.பி. ராஜசேகர் தலைமையில் இந்த வேலையைச் செய்தது. அதே மையம்தான் தகவல், அறிவு மேலாண்மையில் பதினெட்டு மாதப் பயிற்சி நடத்தி இளைஞர்களை உருவாக்கியது. கற்பித்தவர்களும் களஞ்சியத்தைக் கட்டியவர்களும் ஒரே கூரையின்கீழ் இருந்தார்கள். அதனால்தான் அது நிலைத்தது என்று நினைக்கிறேன். சென்னையிலும் இதே போன்ற ஒரு முயற்சி உண்டு. ஆய்வுகளை யாரும் இலவசமாகப் படிக்க வேண்டும் என்ற திறந்த அணுக்கத்துக்காகப் பல்லாண்டு குரல் கொடுத்த சுப்பையா அருணாசலத்தின் முயற்சியில், தரமணியில் உள்ள எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 2004-இல் நூலகர்களுக்கும் ஆய்வாளர்களுக்கும் களஞ்சியம் அமைக்கும் பயிலரங்குகளை நடத்தியது. மென்பொருளை நிறுவச் சொல்லிக்கொடுப்பதோடு, ஏன் நிறுவ வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லிக்கொடுத்த பயிலரங்குகள் அவை.

பெங்களூருவில் இன்னொரு பாடமும் இருக்கிறது. 1928 மார்ச் 16 அன்று இந்த ஊரில், தென்னிந்திய அறிவியல் சங்கத்தின் கூட்டத்தில், சி.வி. ராமன் தம் புதிய கண்டுபிடிப்பைப் பற்றி உரையாற்றினார். அந்த உரை கல்கத்தாவிலிருந்து வெளிவந்த ‘இந்திய இயற்பியல் இதழி’ல் அச்சானது. ராமன் அதன் பிரதிகளை வெளிநாட்டு இயற்பியலாளர்களுக்கு அனுப்பிவைத்தார். இரண்டே ஆண்டில் நோபல் பரிசு வந்தது. 1934-இல் அவர் நிறுவிய இந்திய அறிவியல் அகாதமி, தொடங்கிய ஆண்டிலேயே தன் சொந்த இதழையும் தொடங்கியது. 1932 முதல் வரும் ‘கரன்ட் சயின்ஸ்’ இன்றும் இதே ஊரிலிருந்து வருகிறது. படிப்பவரிடம் அது காசு கேட்பதில்லை. அகாதமியின் இதழ்கள் 2007 முதல் ஸ்பிரிங்கர் நிறுவனத்தோடு சேர்ந்து வெளிவந்தாலும், அகாதமியின் தளத்தில் இலவசமாகப் படிக்கக் கிடைக்கின்றன. இந்த வரலாறு எதுவும் நம் ஆய்வு மாணவருக்குத் தெரிவதில்லை. அவருக்குத் தெரிந்ததெல்லாம் ‘ஸ்கோபஸில் போட்டால்தான் மதிப்பு’ என்ற ஒற்றை வரி. ஸ்கோபஸ் என்பது எல்செவியர் என்ற வணிகப் பதிப்பகம் நடத்தும் தரவுத்தளம் என்பதையும், அதில் எந்த இதழைச் சேர்ப்பது, எதை நீக்குவது என்பதற்கு அந்த நிறுவனம் வைத்த முறை ஒன்று இருக்கிறது என்பதையும் சொல்லிக்கொடுக்காமல், அதில் எப்படித் தேடுவது என்பதை மட்டும் சொல்லிக்கொடுக்கிறோம். கண்டுபிடிப்பின் பெருமை அதை அச்சிட்ட இதழின் ஊரில் இல்லை என்று ராமனின் கட்டுரையைக் காட்டியே விளக்கலாம். நூலகர் நினைத்தால் பத்து நிமிடம் போதும்.

இந்த இடத்தில் ஒருவர் குறுக்கிடக்கூடும். மாணவருக்கு இவ்வளவு நுணுக்கம் எதற்கு, நல்ல இதழ் எது, கெட்ட இதழ் எது என்று அரசே பட்டியல் போட்டுக் கொடுத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிடாதா என்று அவர் கேட்பார். பெங்களூருவிலிருந்து வடக்கே போகும் வழியில் புணேயில் இறங்கினால் இதற்கு விடை கிடைக்கும். பல்கலைக்கழக மானியக் குழு 2009-இல் கொண்டுவந்த விதிகளும் பின்னர் 2016-இல் வந்த விதிகளும், ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் மாணவர் ஒரு கட்டுரையாவது வெளியிட்டிருக்க வேண்டும் என்றன. 2010 முதல் ஆசிரியர்களின் பதவி உயர்வுக்கும் கட்டுரைகளுக்குப் புள்ளி வந்தது. தேவை பெருகியதும் சந்தையும் பெருகியது. பணம் வாங்கிக்கொண்டு மதிப்பீடே இல்லாமல் வெளியிடும் போலி இதழ்களைப் பற்றி ஃபின்லாந்தில் சென், பியோர்க் என்ற இரு ஆய்வாளர்கள் 2015-இல் ஒரு மதிப்பீட்டை வெளியிட்டார்கள். 2010-இல் 53,000 ஆக இருந்த இத்தகைய கட்டுரைகள் 2014-இல் 4,20,000 ஆகப் பெருகின என்றும், இவற்றை வெளியிட்ட பதிப்பாளர்களில் 27 விழுக்காட்டினர் இந்தியாவில் இருக்கிறார்கள் என்றும் அதில் கணக்கிட்டிருந்தார்கள். மானியக் குழு 2017-இல் ஒப்புதல் பெற்ற இதழ்களின் பட்டியலை வெளியிட்டது. புணேயில் உள்ள சாவித்ரிபாய் புலே பல்கலைக்கழகத்தின் பூஷண் பட்வர்தனும் அவர் சகாக்களும் அந்தப் பட்டியலை எடுத்துச் சோதித்தார்கள். பல்கலைக்கழகங்களே பரிந்துரைத்துச் சேர்த்த பகுதியிலிருந்து மாதிரிக்கு எடுத்துப் பார்த்தவற்றில் 88 விழுக்காடு தகுதியற்றவை என்று 2018-இல் ‘கரன்ட் சயின்ஸ்’ இதழில் எழுதினார்கள். அந்த ஆண்டு மே மாதம் மானியக் குழு 4,305 இதழ்களைப் பட்டியலிலிருந்து நீக்கியது. அடுத்து, இதே புணே பல்கலைக்கழகத்தில் வைத்து ‘கேர்’ என்ற புதுப்பட்டியலை 2019 முதல் நடத்தினார்கள். 2025 பிப்ரவரியில் அதையும் நிறுத்திவிட்டு, இதழைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை நிறுவனங்களிடமும் ஆசிரியர்களிடமும் மாணவர்களிடமும் விட்டுவிட்டார்கள்.

பட்டியல் போட்டவர்களைக் குறை சொல்ல நான் முனையவில்லை. நல்ல எண்ணத்தோடு உழைத்தவர்கள் அவர்கள். பட்டியலால் ஆகக்கூடியது அவ்வளவுதான் என்பதே என் வாதம். அமெரிக்காவில் ஜெஃப்ரி பீல் என்ற நூலகர் தனியாளாக நடத்திய போலி இதழ்ப் பட்டியலும் 2017 ஜனவரியில் இணையத்திலிருந்து மறைந்தது. இதழ் பெயர் மாற்றிக்கொள்ளும், புதிது புதிதாய் முளைக்கும், நல்ல இதழின் பெயரையும் அட்டையையும் அப்படியே நகலெடுத்துத் தளம் தொடங்கும். பட்டியல் போடுபவர் எப்போதும் இரண்டடி பின்னால்தான் ஓட முடியும். இந்தப் பத்தாண்டில் பட்டியலை நம்பியே வளர்ந்த ஒரு தலைமுறைக்கு, பட்டியல் போனபின் கையில் என்ன இருக்கிறது? ‘பத்து நாளில் வெளியீடு, தொகை இவ்வளவு’ என்று வாட்ஸ்அப்பில் வரும் செய்திதான் இருக்கிறது. இதழை நிறுத்துப் பார்க்கும் திறனைக் கற்றுத்தரும் வேலையை எந்தப் பட்டியலும் செய்யாது. அந்த வேலைக்கு முறையாகப் படித்தவர் நூலகர் ஒருவர்தான். நெறியாளர் செய்ய வேண்டிய வேலை அல்லவா இது என்று கேட்பவர்களும் உண்டு. நெறியாளருக்குத் தம் துறையின் நல்ல இதழ்கள் தெரியும், அது பெரிய பலம். ஆனால் அவரும் அதே புள்ளிக் கணக்கில் பதவி உயர்வுக்குக் காத்திருந்தவர். உரிமம், களஞ்சியம், தரவுத்தளத்தின் உள்விவகாரம் ஆகியவை அவருக்குப் பாடமாக ஒருபோதும் வந்ததில்லை. நெறியாளரும் நூலகரும் ஒரே வகுப்பில் நிற்கலாம், ஒருவர் இருந்தால் மற்றவர் தேவையில்லை என்றாகாது.

புணேயிலிருந்து ரயில் கடற்கரைப் பக்கமாக வளைந்து குஜராத்துக்குள் நுழைகிறது. அகமதாபாத்தை அடுத்த காந்திநகரில், தகவல் தொழில்நுட்ப நிறுவனங்களுக்கு நடுவே, மானியக் குழுவின் இன்ஃப்ளிப்நெட் மையம் இருக்கிறது. நாட்டின் பல்கலைக்கழகங்கள் ஏற்கும் முனைவர் பட்ட ஆய்வேடுகள் ‘சோத்கங்கா’ என்ற பெயரில் இங்கேதான் சேர்கின்றன. 2009 விதிகள் மின்வடிவில் ஆய்வேட்டைத் தர வேண்டும் என்று சொன்னதன் விளைவு இது. இன்று ஐந்து லட்சத்துக்கு மேற்பட்ட ஆய்வேடுகள் யார் வேண்டுமானாலும் படிக்கும்படி அங்கே இருக்கின்றன. உலக அளவில் பெருமைப்படத்தக்க சேமிப்பு இது. ஓர் ஆய்வேட்டின் பக்கத்தைத் திறந்து பார்த்தால் அது துண்டு துண்டான கோப்புகளாக வரிசையில் நிற்கும். 01 என்று தொடங்கித் தலைப்பு, சான்றிதழ், உறுதிமொழி, நன்றியுரை, பொருளடக்கம், பிறகு இயல்கள், கடைசியில் துணைநூற்பட்டியல் என்று ஒவ்வொன்றும் தனித்தனி பிடிஎஃப். உறுதிமொழிக் கோப்பில் ஆய்வாளர் இது தம் சொந்த உழைப்பு என்று கையெழுத்திட்டிருப்பார். ஐந்தாண்டு உழைப்பு உலகத்தின் முன்னால் போய் நிற்கும் இடம் இது. இதைப் பற்றி மாணவருக்கு முன்கூட்டியே என்ன சொல்லப்படுகிறது? பெரும்பாலும் ஒற்றுமை விழுக்காடு மட்டும்தான். 2018-இல் வந்த கருத்துத் திருட்டு விதிகளின்படி 10 விழுக்காடு வரை தண்டனை இல்லை, 40 வரை ஒரு நிலை, 60 வரை அடுத்த நிலை, அதற்கு மேல் போனால் பதிவே ரத்து. ஆகவே மாணவர் பத்துக்குக் கீழே கொண்டுவரும் வழியைத் தேடுகிறார். சொல்லை மாற்றுகிறார், வாக்கியத்தைப் புரட்டிப் போடுகிறார், அதற்கென்றே கடை வைத்திருப்பவரிடம் காசு கொடுக்கிறார். இன்னொருவர் எழுதியதை எப்போது அப்படியே எடுக்கலாம், எப்போது மேற்கோள் காட்ட வேண்டும், எப்போது அனுமதி கேட்க வேண்டும் என்ற கேள்விகள் எழாமலேயே போய்விடுகின்றன. கருவியை இரண்டாவது மேசையில் கொடுத்துவிட்டு, அதன் பொருளை முதல் மேசையில் சொல்லாததன் பலன் இது.

மானியக் குழுவுக்கே இது தெரிந்திருக்கிறது. 2019 இறுதியில் முனைவர் பட்ட மாணவர் எல்லாருக்கும் ‘ஆய்வு, வெளியீட்டு அறம்’ என்ற இரண்டு கிரெடிட் பாடத்தைக் கட்டாயமாக்கியது. முப்பது மணி நேரம், ஆறு அலகுகள். அறத்தின் தத்துவத்திலிருந்து தொடங்கி, திறந்த அணுக்க வெளியீடு, வெளியீட்டு முறைகேடு, தரவுத்தளங்கள், ஆய்வு அளவீடுகள் வரை அதில் வருகின்றன. இரண்டு மேசைகளையும் ஒரே பாடத்திட்டத்தில் சேர்த்த முயற்சி என்ற வகையில் இதை மனமார வரவேற்கிறேன். இந்தப் பாடத்தின் கடைசி அலகுகளை நூலகர்கள் எடுக்கும் இடங்களில் பாடம் உயிரோடு இருக்கும் என்றும் நம்புகிறேன். ஆனால் முனைவர் பட்டப் படிப்பில் தொடங்குவது காலம் கடந்த காரியம். அதற்குள் மாணவர் இளங்கலைத் திட்ட அறிக்கை எழுதியிருப்பார், முதுகலை ஆய்வேடு எழுதியிருப்பார், மாநாடு ஒன்றில் கட்டுரை படித்து அதன் தொகுப்பு நூலுக்குப் பணமும் கட்டியிருப்பார். பழக்கம் கெட்டிப்பட்டபின் அறம் சொல்ல வருகிறோம்.

கல்லூரியில் சேரும் மாணவரில் ஆய்வுக்குப் போகிறவர் மிகச் சிலர், மற்றவருக்கு இதெல்லாம் எதற்கு என்பது முன்பு சொன்னவற்றைவிட வலுவான மறுப்பு. நேர்மையாக விடை சொல்ல வேண்டிய கேள்வி இது. 2020 மே 22 அன்று ‘லான்செட்’ இதழில் ஒரு கட்டுரை வந்தது. கொரோனா நோயாளிகளுக்கு ஹைட்ராக்சிகுளோரோகுவின் கொடுத்தால் மரணம் கூடுகிறது என்றது. மூன்றே நாளில் உலக சுகாதார நிறுவனம் தன் பரிசோதனையில் அந்த மருந்தைச் சோதிக்கும் பகுதியை நிறுத்திவைத்தது. தரவுகளைக் கொடுத்த சர்ஜிஸ்பியர் நிறுவனம் மூலத் தரவைக் காட்ட முன்வராததால், ஜூன் 4 அன்று கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. இந்தியாவில் அந்த மருந்து முன்களப் பணியாளர்களுக்குப் பரிந்துரையில் இருந்த நாட்கள் அவை. அந்தப் பதினான்கு நாளும் செய்தித்தாளிலும் தொலைக்காட்சியிலும் அந்தக் கட்டுரையைப் படித்தும் கேட்டும் முடிவெடுத்தவர்கள் ஆய்வாளர்களா? செவிலியர், மருந்துக்கடைக்காரர், ஆசிரியர், தாய் தந்தையர். மதிப்பீட்டைத் தாண்டி வந்த கட்டுரையும் தவறலாம், தவறினால் திரும்பப் பெறும் வழி இருக்கிறது, திரும்பப் பெற்ற செய்தி அந்தக் கட்டுரையின் பக்கத்திலேயே இருக்கும் என்பதைக் கல்லூரியில் ஒருமுறை கண்ணால் பார்த்தவர் ஒரு தலைப்புச் செய்தியைப் பார்த்துப் பதறவும் மாட்டார், அறிவியலே பொய் என்று கைகழுவவும் மாட்டார். செயற்கை நுண்ணறிவு அரட்டைக் கருவிகள், உலகில் இல்லாத கட்டுரைக்கு இருப்பதுபோல் ஆசிரியர் பெயரும் பக்க எண்ணும் கொடுக்கிற இந்தக் காலத்தில், டிஓஐ எண்ணைத் தட்டிப் பார்த்துக் கட்டுரை உண்மையிலேயே இருக்கிறதா என்று சோதிப்பது எந்த வேலைக்குப் போகிறவருக்கும் தேவை.

அகமதாபாத்தில் மாலை ரயில் ஏறினால் மறுநாள் காலை தில்லி. தில்லிப் பல்கலைக்கழகத்தின் வடக்கு வளாகத்தில், தில்லிப் பொருளாதாரப் பள்ளியின் எல்லைக்குள் இருக்கும் ராமேஸ்வரி போட்டோகாப்பி கடையைப் பற்றி நாட்டின் சட்டக் கல்லூரிகளில் படிக்கிறார்கள். பத்து நூல்களிலிருந்து ஒவ்வோர் இயலாக நகலெடுத்து, சுருள்கம்பி போட்டு, பிளாஸ்டிக் அட்டையோடு ஒரு பாடத்தொகுப்பாகத் தரும் சிறிய கடை. ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பதிப்பகங்களும் டெய்லர் அண்ட் பிரான்சிஸும் 2012-இல் அந்தக் கடைமீதும் பல்கலைக்கழகத்தின்மீதும் வழக்குப் போட்டன. மாணவர்களும் ஆசிரியர்களும் தாங்களும் வழக்கில் சேர்ந்துகொண்டார்கள். நகலெடுக்கப்பட்ட நூல்களை எழுதியவர்களிலேயே பலர் வழக்கைத் திரும்பப் பெறும்படி பதிப்பகங்களைக் கேட்டுக்கொண்டார்கள். கற்பித்தலின் பொருட்டு நகலெடுப்பதைப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு அனுமதிக்கிறது என்று தில்லி உயர் நீதிமன்றம் 2016 செப்டம்பர் 16 அன்று தீர்ப்பளித்தது. மேல்முறையீட்டிலும் அந்தத் தீர்ப்பின் அடிப்படை நிலைத்தது. 2017-இல் பதிப்பகங்கள் வழக்கைக் கைவிட்டன. இந்த வழக்கில் என்னை மிகவும் ஈர்ப்பது மாணவர்கள் வாதத்துக்கு வந்ததுதான். தாங்கள் படிக்கும் தாளுக்கு உரிமையாளர் யார், சட்டம் தங்களுக்கு எதைத் தந்திருக்கிறது என்று தெரிந்துகொண்டவர்கள் அவர்கள். தேடத் தெரிவதும் உரிமை தெரிவதும் ஒன்றாகச் சேர்ந்தால் மாணவர் எப்படி நிமிர்ந்து நிற்பார் என்பதற்கு இதைவிட நல்ல சான்று இந்தியாவில் இல்லை. இதே நீதிமன்றத்தில் 2020 டிசம்பரில் எல்செவியர், வைலி, அமெரிக்க வேதியியல் சங்கம் மூன்றும், சந்தா இல்லாமலே ஆய்வுக் கட்டுரைகளைத் தரும் சை-ஹப் தளத்தின்மீது போட்ட வழக்கில், 2025 ஆகஸ்டில் அந்தத் தளத்தை முடக்கும் உத்தரவு வந்தது. பாடத்துக்கான நகலும் சை-ஹப்பும் ஒன்றல்ல, சட்டத்தின் பார்வையில் ஏன் ஒன்றல்ல என்பதை விளக்கிச் சொல்ல நூலகத்தை விட்டால் வளாகத்தில் வேறு இடம் இல்லை.

அதே தில்லியில்தான் 2024 நவம்பர் 25 அன்று ‘ஒரே நாடு, ஒரே சந்தா’ திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. 30 பதிப்பகங்கள், ஏறத்தாழ 13,000 மின்னிதழ்கள், 6,300 அரசு நிறுவனங்கள், 1.8 கோடி மாணவர்களும் ஆசிரியர்களும் ஆய்வாளர்களும், 2025 முதல் மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய். சிற்றூர் அரசுக் கல்லூரி மாணவரும் பெருநிறுவனத்தின் ஆய்வாளரும் ஒரே இதழைப் படிக்கலாம் என்பது சிறிய மாற்றமல்ல. எல்லாம் கைக்கு வந்துவிட்டதே, இனி நூலகர் சொல்லிக்கொடுக்க என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு விடை அந்தத் தொகையிலேயே இருக்கிறது. அரசு தன் பணத்தில் ஆய்வாளருக்குச் சம்பளம் கொடுக்கிறது, அவர் எழுதிய கட்டுரையைப் பதிப்பகம் விலையில்லாமல் வாங்குகிறது, மதிப்பீட்டையும் ஆய்வாளர்களே சம்பளமின்றிச் செய்கிறார்கள், அந்தக் கட்டுரையைப் படிக்க மறுபடி அரசே 6,000 கோடி கொடுக்கிறது. மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் 2014 டிசம்பரிலேயே தங்கள் நிதியில் நடக்கும் ஆய்வைக் களஞ்சியத்தில் வைக்க வேண்டும் என்று கொள்கை அறிவித்தன. அந்தக் கொள்கையைப் பற்றி ஆய்வாளருக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதும் நூலகத்தின் மேசைதான். சந்தா வாங்கித் தருவதோடு நின்றுவிட்டால் நாம் நல்ல வாடிக்கையாளர்களை உருவாக்குவோம், அவ்வளவே.

ஆள் இல்லை, நேரம் இல்லை என்பது கடைசி மறுப்பு. முழுக்க நியாயமானதும் அதுவே. பல கல்லூரிகளில் நூலகர் ஒருவர்தான், சில இடங்களில் அந்தப் பணியிடமும் காலி. அவரே புத்தகம் கொடுக்கிறார், தரமதிப்பீட்டுக் கோப்பும் தயாரிக்கிறார். அவர்மேல் புதுச் சுமையை ஏற்றச் சொல்வது கொடுமை. ஆனால் நான் கேட்பது கூடுதல் மணி நேரத்தை அல்ல. ஏற்கெனவே நடக்கும் அந்த ஒரு மணி நேர ஓரியன்டேஷனில் அபராதக் கணக்கையும் அட்டவணைப் பொத்தான்களையும் ஒரு தாளில் அச்சிட்டுக் கொடுத்துவிட்டு, மீதி நேரத்தில் ஒரே ஒரு கட்டுரையின் முதல் பக்கத்தைத் திரையில் காட்டலாம். வந்த நாள், ஏற்ற நாள், நிதி, உரிமம், டிஓஐ என்று ஒவ்வொன்றாக விரல் வைத்துக் கேள்வி கேட்கலாம். அந்தக் கட்டுரையைத் தங்கள் கல்லூரி ஆசிரியரே எழுதியதாக எடுத்தால் இன்னும் நல்லது, அவரையே பத்து நிமிடம் பேச அழைக்கலாம். அந்த வகுப்பை எடுப்பவரே சோத்கங்காவுக்குக் கோப்பு ஏற்றுபவராகவும் இருந்தால், ஒரு மேசையில் கண்ட குறையை மற்ற மேசையில் மறுவாரமே திருத்த முடியும். 2027 முடிவில் சந்தாத் திட்டம் மறுபடி பேச்சுக்கு வரும். எத்தனை கட்டுரைகள் பதிவிறக்கமாயின என்ற எண்ணைப் பதிப்பகங்கள் மேசையில் வைக்கும். அந்தக் கட்டுரைகளில் எவ்வளவு நம் ஆய்வாளர்கள் எழுதியவை, எவ்வளவு ஏற்கெனவே இலவசமாகக் கிடைப்பவை, மாணவர்கள் உண்மையில் எவற்றைப் படித்தார்கள் என்ற எதிர்க்கணக்கை இப்போதே குறித்துவைக்கக் கூடியவர்கள் அந்த 6,300 நிறுவனங்களின் நூலகர்கள்.